டேட்டாபேஸ் கற்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?

பட்டாசு ஆலைக் கணக்கைவிட நல்ல டேட்டாபேஸ் பாடம் கிடைப்பது அரிது. எந்த அறையில் இன்று யார் யார், உள்ளே எவ்வளவு வெடிமருந்து போனது, பீஸ் ரேட்டில் யாருக்கு எவ்வளவு கூலி, எந்தப் பெட்டி எந்த லாரியில் எந்த ஊருக்குப் போனது, தீபாவளிக்கு முன் வாங்கிய அட்வான்ஸில் மிச்சம் எவ்வளவு என்று எல்லாமே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒரே ஆளின் பெயரை மூன்று நோட்டில் மூன்று விதமாக எழுதி வைத்திருப்பார்கள். சனிக்கிழமை சம்பளம் போடும்போதுதான் குழப்பம் தெரியும்.

பட்டாசு ஆலைகள் சூழ்ந்த இந்த வட்டாரத்தில், விருதுநகரை ஒட்டிய சூலக்கரையிலிருந்து பல திசைகளில் பஸ் ஏறுகிறார்கள் கல்லூரிப் பிள்ளைகள். விருதுநகர் கலைக் கல்லூரிகளுக்குச் சிலர், 1984-இல் தொடங்கிய சிவகாசி மெப்கோ ஷ்லெங்க் போன்ற பொறியியல் கல்லூரிகளுக்குச் சிலர். கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் இரண்டாம் ஆண்டுவாக்கில் ஒரே கேள்வி வருகிறது: டேட்டாபேஸுக்கு எந்தப் புத்தகம் வாங்குவது? தேர்வுக்கு முந்திய வாரம் என்றால் பதில் சுலபம். ஐந்து யூனிட்டுக்கும் கேள்வி பதில் போட்ட கைடு போதும். அதைக் கேவலமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, பாஸ் ஆவதும் ஒரு தேவைதான். வேலைக்கு என்று கேட்டால் கைடு உதவாது.

பெரிய புத்தகங்களில் மூன்றைச் சொல்வார்கள். சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் எழுதியது ஒன்று. எல்மாஸ்ரியும் நவாதேயும் எழுதியது இன்னொன்று. இந்த இரண்டும் அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் நூல் பட்டியலிலேயே இருப்பவை. மூன்றாவது ரகு ராமகிருஷ்ணனும் கெர்க்கேயும் எழுதியது. முதல் புத்தகத்தின் சுதர்சனும் மூன்றாவதின் ராமகிருஷ்ணனும் சென்னை ஐஐடியில் பி.டெக். படித்தவர்கள். அதோடு சுதர்சன் விஸ்கான்சினில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தது ராமகிருஷ்ணனின் வழிகாட்டுதலில். குருவும் சிஷ்யரும் ஆளுக்கொரு பாடநூலில் இருக்கிறார்கள், உலகம் முழுக்கப் பேராசிரியர்கள் இரண்டில் எது என்று யோசிக்கிறார்கள்.

இன்னொரு பெயரும் இந்தப் புத்தகங்களுக்குள்ளேயே இருக்கிறது. பில் போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால் பாதியில் நின்ற கணக்கு என்ன ஆகும்? மீண்டும் கம்ப்யூட்டரைப் போட்டதும் முடிந்த பில் முழுசாக இருக்க வேண்டும், முடியாத பில் சுவடே இல்லாமல் போக வேண்டும். இதற்கு ஏரிஸ் என்று ஒரு முறை உண்டு. 1992-இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஐபிஎம்மில் வேலை பார்த்த சி. மோகன், தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஐஐடியில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். ஐபிஎம்மின் டிபி2, மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் ஆகிய டேட்டாபேஸ்கள் இரண்டும் அந்த வழியில்தான் மீண்டெழுகின்றன. நல்ல பாடநூலில் ரெக்கவரி என்ற அத்தியாயத்தை எடுத்தால் இதுதான் நடுநாயகம். கைடில் அரைப் பக்கத்தில் முடித்திருப்பார்கள்.

ஆனால் இந்தத் தடிப் புத்தகங்கள் முதல் புத்தகம் ஆகாது. ஆங்கிலமும் கனம், ஆயிரம் பக்கத்துக்குக் குறையாது. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை முதல் இருபது பக்கத்திலேயே மூடி வைத்துவிடும். அவர்களுக்கு நான் காட்டுவது அரசின் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூல். 2019-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் டேட்டாபேஸுக்கு ஒரு பாடம், அதனிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லுக்கு ஒரு பாடம், பைத்தானிலிருந்து எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸை இயக்க இன்னொரு பாடம் என்று வைத்திருக்கிறார்கள். பிடிஎஃப் இலவசம். அதற்கு மேல் ஒரு படி போக, 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழின் குழுவைச் சேர்ந்த து. நித்யாவின் ‘எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்’ இருக்கிறது. அதுவும் இலவச மின்னூல்தான்.

இனி கடைக்குப் போகலாம். மதுரைப் பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் கம்ப்யூட்டர் புத்தகத்தை எடுக்கும்போது கவனம் வேண்டும். கோட்பாடு பழசாகாது. விவரங்களை அட்டவணைகளாக வைக்கும் உறவுநிலை மாதிரியை எட்கர் காட் முன்வைத்தது 1970-இல், இன்றும் அதுதான் அடித்தளம். ஆனால் கட்டளைகள் பழசாகும். ‘கூலி சுழியத்துக்குக் கீழே போகக் கூடாது’ என்று மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் செக் என்ற நிபந்தனை போட்டு எழுதினால், 2019-இல் வந்த 8.0.16 பதிப்புக்கு முன்புவரை அது கட்டளையைப் படித்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பிழைச் செய்தியும் வராது. வரிசைகளைத் தொகுக்கும் குரூப் பை எழுதும் விதம் 5.7 பதிப்பிலேயே கண்டிப்பாகிவிட்டது. பழைய புத்தகத்தின் உதாரணத்தை அப்படியே அடித்தால் திட்டு விழும். பிஹெச்பியோடு சேர்த்துச் சொல்லித்தரும் புத்தகத்தில் ‘மைஎஸ்க்யூஎல் கனெக்ட்’ என்ற பழைய கட்டளை இருந்தால் அங்கேயே வைத்துவிடலாம். 2015 கடைசியில் வந்த பிஹெச்பி 7-இல் அதைத் தூக்கிவிட்டார்கள்.

புதிய புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். முதலில், நிரலிலிருந்து டேட்டாபேஸுக்கு விவரம் அனுப்பும் பக்கத்தைப் பாருங்கள். பயனர் தட்டிய எழுத்தை அப்படியே கட்டளையோடு ஒட்டி அனுப்பச் சொல்லித் தந்தால் அந்த ஆசிரியரை நம்ப வேண்டாம். திருடர்கள் உள்ளே நுழைவது அந்த வழியாகத்தான். விடுபட்ட மதிப்பைக் குறிக்கும் ‘நல்’ (NULL) பற்றி ஒரு பத்தியாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. பட்டாசு ஆலையின் ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் பதியக் கூடாது என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். செக் ஒரு வரிசையை மட்டும் பார்க்கும், மற்ற வரிசைகளை எண்ணிப் பார்க்காது. அதனால் ஒவ்வொரு பதிவின்போதும் தானாக ஓடும் டிரிகர் எழுத வேண்டும். எழுதிய பிறகும், இரண்டு போர்மேன்கள் இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே நொடியில் நான்காவது ஆளைப் பதிந்தால் இரண்டு பேருமே உள்ளே போய்விட வாய்ப்பு உண்டு. இந்தச் சிக்கலைத் தொடும் புத்தகம் பக்கம் குறைவானாலும் நல்ல புத்தகம்தான்.

கட்டளை அகராதி போன்ற ரெஃபரன்ஸ் புத்தகத்துக்குக் காசு செலவழிக்க வேண்டிய காலம் போய்விட்டது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் அதிகாரபூர்வக் கையேடு முழுவதும் இலவசம், அதற்குள்ளேயே ஆரம்பநிலைப் பாடமும் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லுக்கும் அப்படியே. எஸ்க்யூலைட்டுக்கு சர்வர்கூட வேண்டாம், மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல்.

ஆகவே காசு கோட்பாட்டுப் புத்தகத்துக்கே. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன், 2019-இல் வந்த ஏழாம் பதிப்பு. ஆறாம் பதிப்பு பழைய கடையில் பாதி விலைக்குக் கிடைத்தால் அதையே வாங்கலாம், குறை ஒன்றும் இல்லை. 2019-க்கு முந்திய மைஎஸ்க்யூஎல் கட்டளைப் புத்தகத்துக்கு மட்டும் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.