தாளுக்கு அமைந்த பக்கமும் திரையும்

கான்சாபுரத்துத் தோப்பில் தென்னைக்கு நீர் பாய்ச்சும் குடியானவர் ஒருவர், அரசாங்க அறிவிப்பு ஒன்றைக் கைப்பேசியில் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் பொறித்த முத்திரை உச்சியில் தெரிகிறது. கீழுள்ள வாசகமோ கண்ணுக்கு எட்டவில்லை. விரலால் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விட, வரிக்கு வரி பக்கத்தை வலமும் இடமும் இழுத்தாக வேண்டியிருக்கிறது. இந்த அவஸ்தைக்குக் காரணம் அவர் கண்ணுமன்று, கைப்பேசியுமன்று, பி.டி.எஃப். என்னும் கோப்பின் இயல்பே அது.

அடோபி நிறுவனத்தின் ஸ்தாபகர்களுள் ஒருவரான ஜான் வார்னாக் வகுத்த திட்டத்திலிருந்து 1993-ல் வெளிவந்த இவ்வமைப்பு, எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறிக்கு அனுப்பினாலும் பக்கத்தின் தோற்றம் அணுவளவும் மாறலாகாது என்ற லட்சியத்துடன், ஒவ்வோர் எழுத்துக்கும் தாளில் அதன் ஸ்தானத்தை நிர்ணயித்து வைக்கிறது. அச்சகத்தாருக்கு இது வரப்பிரசாதம்; 2008-ல் சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. ஆனால் 210 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ4 தாள் ஏறத்தாழ 70 மில்லிமீட்டர் திரையில் அடங்கும்போது, 12 புள்ளி எழுத்து 4 புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது.

தமிழுக்கு மற்றொரு சங்கடமும் உண்டு. 'கொடி' என்பதன் முதலெழுத்தை யூனிகோடு முறை ககரமும் அதன்பின் ஒகரக் குறியுமாகப் பதிவுசெய்ய, பழைய டி.டி.பி. எழுத்துருக்கள் பலவும் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே வைத்தன. இத்தகைய எழுத்துருவில் ஆன கோப்பில் 'கொடி' என்று தேடினால் அகப்படாது. பார்வையற்றோருக்கு வாசித்துக்காட்டும் மென்பொருளும் தடுமாறும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றிருப்பினும், பழைய கோப்புகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன.

பரிகாரம் அரிதன்று. வலைப்பக்கத்திலும் இ-பப் நூலிலும் வாசகம், பாத்திக்குத் தக்கபடி பரவும் நீரைப்போல், திரையின் அகலத்துக்கேற்ப வரிகளை மடித்துக்கொள்கிறது. எழுத்தைப் பெரிதாக்கினாலும் வரி வெளியே ஓடுவதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள், பழந்தமிழ் நூல்களைப் பி.டி.எஃப்.ஆக மட்டுமன்றி யூனிகோடு வலைப்பக்கமாகவும் வழங்கி வருவது, பின்பற்றத் தகுந்த முன்மாதிரி.

அச்சிட விரும்புவோர்க்குப் பி.டி.எஃப். இருக்கட்டும், படிக்க விரும்புவோர்க்கு மடங்கும் வாசகமும் உடன் வேண்டும். அறிவிப்பை வெளியிடுமுன் அதிகாரி ஒருமுறை அதைத் தம் கைப்பேசியில் திறந்து, முதலிலிருந்து முடிவுவரை படித்துப் பார்ப்பாரானால், எத்தனையோ பேருடைய சிரமம் அங்கேயே தீர்ந்துவிடும்.