உங்க ஊர்ல கதையே இல்லையா ப்ரோ? ரீமேக் பத்தி ஒரு பேச்சு

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை மண்ணூர்ல என் ரூம்ல உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல லாரி ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு அது பழகின சத்தம்தான்.

இந்த வாரத் தலைப்பு ஒரு சண்டையில இருந்து வந்தது. எங்க ரூம்ல நாலு பேர். அதுல ஒருத்தன் கர்னூல்காரன், என்கூட ஒரே ஷிஃப்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்ல 'கில்லி' போட்டேன். எத்தனையாவது தடவைன்னு கேட்காதீங்க. கபடி ஆட மதுரைக்குப் போன விஜய், த்ரிஷாவை இழுத்துட்டுப் போற பிரகாஷ்ராஜை அடிக்கிற சீன் வருது. நான் விசில் அடிக்கிறேன். பின்னாடி இருந்து அவன் சொல்றான்: "ப்ரோ, இது எங்க ஊர் சீன். கொண்டாரெட்டி புருஜு பக்கத்துல நடக்கும். உங்க ஆளுங்க அப்படியே தூக்கிட்டு வந்துட்டாங்க."

'கில்லி' தெலுங்குப் படத்தோட ரீமேக்னு எனக்கும் தெரியும். ஆனா அந்தச் சீன் நடக்கிற ஊர்ல இருந்து வந்த ஒருத்தன் பக்கத்துல உட்கார்ந்து சொல்லும்போது வேற மாதிரி இருந்தது. அதுக்கு மேல அவன் ஒண்ணு கேட்டான் பாருங்க: "உங்க ஊர்ல கதையே இல்லையா ப்ரோ?"

அன்னைக்கு என்கிட்ட பதில் இல்ல. யோசிச்சுப் பார்த்ததைத்தான் இப்ப சொல்லப் போறேன்.

ஒரே கதை, ரெண்டு ஊர்

முதல்ல தகவல். குணசேகர் இயக்கத்துல மகேஷ் பாபு, பூமிகா நடிச்ச 'ஒக்கடு' 2003 ஜனவரியில் வந்தது. தரணி இயக்கிய 'கில்லி' 2004 ஏப்ரலில் வந்தது. ரெண்டுலயும் வில்லன் பிரகாஷ்ராஜ்தான். அங்க ஓபுல் ரெட்டி, இங்க முத்துப்பாண்டி.

அடுத்த ஞாயிறு அவன்கூட உட்கார்ந்து 'ஒக்கடு' முழுசா பார்த்தேன். உண்மையைச் சொல்லணும்னா, சீன் வரிசை பெரும்பாலும் அதேதான். காப்பின்னு ஒருத்தர் சொன்னா அந்த இடத்துல என்னால மறுத்துப் பேச முடியாது.

ஆனா மாறின விஷயங்களைக் கவனிங்க. ஹைதராபாத் படத்துல சார்மினார் செய்யற வேலையை, சென்னைப் படத்துல கலங்கரை விளக்கம் செய்யுது. ராயலசீமா ஃபேக்‌ஷன் சண்டையோட பின்னணி போய், மதுரை அடாவடி வந்தது. மணிசர்மா பாட்டு இருந்த இடத்துல வித்யாசாகரோட புதுப் பாட்டுகள். பரதன் எழுதின வசனம். ஓபுல் ரெட்டியைப் பார்த்தா பயம் வருது. முத்துப்பாண்டியைப் பார்த்தா பயத்தோட சிரிப்பும் வருது. 'செல்லம்'னு அவர் இழுத்துக் கூப்பிடுற தொனியை இன்னைக்கும் மிமிக்ரி மேடையில கேட்கலாம். அதே நடிகர், அதே வேஷம், ஆனா ஆள் வேற.

2024 ஏப்ரலில் 'கில்லி' மறுபடி தியேட்டருக்கு வந்தப்போ கூட்டம் எப்படி இருந்ததுன்னு உங்களுக்கே தெரியும். 20 வருஷம் கழிச்சும் வந்த அந்தக் கூட்டத்துல பாதிப் பேருக்கு அது எந்தப் படத்தோட ரீமேக்னு ஞாபகம் இருந்திருக்குமான்னு சந்தேகம்தான்.

இதே 'ஒக்கடு' 2015ல இந்தியில் 'தேவர்'னு வந்தது. அர்ஜுன் கபூர் நடிச்சார். ஓடல. ஒரே கதைதான், ஒரு இடத்துல கொண்டாட்டம், இன்னொரு இடத்துல காத்து வாங்குது. அப்போ படத்தைத் தூக்கி நிறுத்துறது கதை மட்டும் இல்லைன்னு ஆகுது.

பேய் எந்த மொழி பேசும்?

இதை இன்னும் தெளிவாக் காட்டற ஒரு உதாரணம் 'மணிச்சித்ரத்தாழ்'. ஃபாசில் இயக்கி 1993ல் வந்த மலையாளப் படம். பி. வாசு அதை 2004ல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாகவும், 2005ல் தமிழில் 'சந்திரமுகி'யாகவும் எடுத்தார். 2007ல் பிரியதர்ஷன் இந்தியில் 'பூல் புலையா' எடுத்தார்.

மலையாளப் படத்துல ஷோபனாவுக்குள்ள வர்ற நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுவா. கேரளத்துப் பெரிய வீட்டுல திடீர்னு ஒரு தமிழ்க் குரல் கேட்டா அங்க உள்ளவங்களுக்குத் தூக்கிவாரிப் போடும். அதை அப்படியே தமிழ்ல எடுத்தா நமக்கு என்ன பயம் வரும்? பக்கத்து வீட்டு அக்கா கோபமா பேசுற மாதிரிதான் இருக்கும். அதனால ஜோதிகாவோட சந்திரமுகி தெலுங்கு பேசினா. இந்தியில் வித்யா பாலனோட மஞ்சுலிகா பெங்காலி பேசினா.

இங்க அவங்க வார்த்தையை மொழிபெயர்க்கல, பயத்தை மொழிபெயர்த்தாங்க. நம்ம வீட்டுக்குள்ள அந்நியமா ஒலிக்கிற குரல் எதுன்னு ஒவ்வொரு ஊருக்கும் தனியா கேட்டுப் பார்த்திருக்காங்க. அந்தக் கேள்வியைக் கேட்கிறதுக்குப் பேருதான் சொந்த மூளை.

இன்னும் பின்னாடி போவோம். 1964ல் என்.டி.ஆர். இரட்டை வேடத்தில் நடிச்ச தெலுங்குப் படம் 'ராமுடு பீமுடு'. அடுத்த வருஷமே அது எம்.ஜி.ஆர். நடிச்ச 'எங்க வீட்டுப் பிள்ளை' ஆனது. 1967ல் திலீப் குமார் நடிக்க இந்தியில் 'ராம் அவுர் ஷியாம்'. மூணையும் இயக்கினவர் சாணக்யா. தமிழில் மட்டும் அந்தக் கதைக்குக் கூடுதலா ஒரு உயிர் வந்தது. கையில சாட்டையோட எம்.ஜி.ஆர். பாடுற பாட்டு, படத்தைத் தாண்டி அரசியல் மேடைக்கே போயிடுச்சு. ரீமேக்குக்குள்ள இருந்துதான் அது கிளம்பினது.

மாத்தவே மாத்தாம எடுத்தா என்ன ஆகும்னு ஒருத்தர் சோதிச்சும் பார்த்துட்டார். ஹிட்ச்காக்கின் 1960ம் வருஷத்து 'சைக்கோ'வை, 1998ல் கஸ் வான் சான்ட் கிட்டத்தட்ட ஷாட்டுக்கு ஷாட் அதே மாதிரி, கலர்ல எடுத்தார். விமர்சகர்கள் கிழிச்சாங்க. எல்லாம் சரியா இருந்தும், எதுக்காக எடுத்தீங்கன்னு கேட்டா படத்துக்குள்ள பதில் இல்ல.

நம்ம லைன்ல பார்க்கிற அதே விஷயம்

எங்க ஏரியா ஆளுங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது ஈஸி. ஒரகடத்துலயும் வல்லம் வடகால்லயும் ராயல் என்ஃபீல்டு பிளான்ட் இருக்கு. அந்த கம்பெனி 2021ல் கிளாசிக் 350 பைக்கைப் புதுசா இறக்கினது. பார்த்தா பழைய வண்டிதான். உள்ள எஞ்சின், ஃபிரேம் எல்லாம் புதுசு. ஓட்டினவங்க அதிர்வு குறைஞ்சதை உடனே சொன்னாங்க. ஞாபகத்தை வெளியில வச்சுட்டு வேலையை உள்ள செஞ்சிருந்தாங்க.

அதே ஒரகடத்துல இன்னொரு கதை. நிஸான், டாட்சன்கிற பழைய பேரைத் தூசி தட்டி எடுத்து 2014ல் 'கோ' காரை இந்தியாவுல இறக்கினது. 2022ல் டாட்சன் இங்க நின்னு போச்சு. அந்தப் பேருக்கு ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் பெரிய வரலாறு உண்டு. ஆனா நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு அதுல ஞாபகம் இருந்தது? சினிமாவுல ரீபூட்னு சொல்றாங்களே, அதுக்கும் இதே ஆபத்து இருக்கு. பழைய பேரை மட்டும் நம்பி இறங்கினா, அந்தப் பேரு யாருக்கு என்னவா இருந்ததுன்னு முதல்ல தெரிஞ்சிருக்கணும்.

திருட்டும் ரீமேக்கும் ஒண்ணு இல்ல

இந்த ரெண்டையும் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. ரீமேக்னா உரிமையைக் காசு கொடுத்து வாங்கி, பேரு போட்டு எடுக்கிறது. சுட்டுட்டு வந்து 'இன்ஸ்பிரேஷன்'னு சொல்றது வேற.

கோடு எங்க இருக்குன்னு 1978லயே உச்ச நீதிமன்றம் பேசியிருக்கு. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு. தன்னோட நாடகத்தைத் திருடி 'நியூ டெல்லி' படம் எடுத்துட்டாங்கன்னு அவர் வழக்குப் போட்டார். கருவுக்கும் கருத்துக்கும் காப்புரிமை கிடையாது, அதை ஒருத்தர் சொன்ன விதத்துக்குத்தான் உண்டுன்னு தீர்ப்பு வந்தது. ஆனந்த் தோத்தார். கரு பொதுச் சொத்து, சொல்ற விதம்தான் சொந்தம். காஞ்சிபுரம் பக்கம் விடிய விடிய தெருக்கூத்து பார்த்தவங்களுக்கு இது புதுசு இல்ல. பாரதக் கதை எல்லாருக்கும் தெரியும். இருந்தும் இன்னைக்கு துரியோதனன் வேஷம் கட்டுறது யாருன்னு கேட்டுட்டுத்தான் உட்காருவாங்க.

அப்போ பிரச்சினையே இல்லையா?

இருக்கு. ஒரு காலத்துல ரீமேக்குக்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. 2003ல் மதுரையில இருக்கிறவர் 'ஒக்கடு' பார்க்க வழி ரொம்பக் குறைவு. இன்னைக்கு சப்டைட்டிலோட எல்லாம் போன்லயே இருக்கு. 'மஞ்சும்மல் பாய்ஸ்' 2024ல் தமிழ்நாடு முழுக்க மலையாளத்துலயே ஓடினது. மொழி தெரியாதுங்கிற காரணம் போன பிறகு, ரீமேக் எடுக்கிறவர் வேற காரணம் சொல்லியாகணும். பெரும்பாலும் கிடைக்கிற பதில், 'அங்க ஓடிடுச்சு, ரிஸ்க் இல்ல' என்பதுதான். இது பயம். பணம் போடுறவரோட பயத்தை நான் கேலி பண்ணல, அவர் வீடும் அடமானத்துல இருக்கலாம். ஆனா அந்தப் பயத்துக்கு விலை கொடுக்கிறது கையில ஸ்கிரிப்ட்டோட காத்திருக்கிற யாரோ ஒரு புது ஆள்.

அதனால நான் இப்ப ஒரு ரீமேக் பார்த்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: இந்தக் கதை ஏன் இந்த ஊருக்கு வந்தது? படத்துக்குள்ள பதில் இருந்தா அது சொந்தப் படம்தான். பதில் இல்லைன்னா, டைட்டில்ல 'ஒரிஜினல்'னு போட்டிருந்தாலும் அது காப்பிதான். ஏற்கனவே பார்த்த ஹீரோ, பார்த்த வில்லன், பார்த்த கிளைமாக்ஸோட எத்தனை 'நேரடி'ப் படம் வருது!

இப்ப கர்னூல்காரன் கேள்விக்கு வர்றேன். போன வாரம் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல வந்துட்டு இருந்தோம். எனக்கு முன் சீட்ல ஒடிசா பையன் ஒருத்தன் அம்மாகிட்ட போன்ல பேசிட்டு இருந்தான். பின்னாடி ரெண்டு தென்காசிப் பொண்ணுங்க தூங்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல இவன். நான் சொன்னேன்: "டேய், எங்க ஊர்ல கதை இருக்குடா. இந்த பஸ்ல இருக்கு. நான் பார்த்த வரைக்கும் இதை யாரும் ஒரு தடவைகூட எடுக்கல. அப்புறம் எங்க ரீமேக் பண்றது?"

அவன் சிரிச்சான். "எடுத்தா நான்தான் ஹீரோ ப்ரோ. தெலுங்கு ரீமேக்லயும் நான்தான்."

மக்களே, நீங்க பார்த்ததுல ஒரிஜினலை விட மனசுக்கு நெருக்கமா இருந்த ரீமேக் எது? எந்த ஒரு மாற்றம் அதை உங்க ஊர்ப் படமா மாத்தினதுன்னு யோசிச்சு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.