தோற்றுத் தோற்று வலுத்த சாசனம்

பெங்களூர் மல்லேஸ்வரத்துக் காடு மல்லேஸ்வரர் கோயிலில் 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மல்லபுரத்து மல்லிகார்ஜுனருக்கு மேதரநிங்கனஹள்ளி கிராமத்தைக் கொடையாக எழுதிவைத்தவர் ஏகோஜி. சிவாஜியின் தம்பியான இவர்தான் சில ஆண்டுகள் கழித்துத் தஞ்சாவூரைப் பிடித்து, அங்கே மராத்திய அரச மரபைத் தொடங்கிவைத்தார். நம் நாட்டுக் கொடைச் சாசனங்கள் பல, சாபத்தோடு முடியும்: இந்தத் தர்மத்துக்குக் கேடு செய்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். அரசனே சொல் தவறினால் அவனைத் தட்டிக் கேட்க மனிதர் யாரும் கிடையாது. பாவத்துக்கு அவன் பயந்தால்தான் உண்டு.

1215 ஜூன் 15 அன்று, தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் என்ற புல்வெளியில் ஒப்புக்கொள்ளப்பட்ட மேக்னா கார்ட்டா என்ற சாசனம் இந்த இடத்தில்தான் வேறு வழியில் போனது. கிளர்ந்தெழுந்த பிரபுக்களிடம் சிக்கிய இங்கிலாந்து மன்னன் ஜான், தான் வாக்குத் தவறினால் கேட்பதற்கு 25 பிரபுக்கள் கொண்ட குழுவையும் ஏற்றுக்கொண்டான். அவனுடைய கோட்டைகளையும் நிலங்களையும் பறிமுதல் செய்யும் அதிகாரம்கூட அந்தக் குழுவுக்கு இருந்தது.

ஆட்டுத்தோலில் இலத்தீன் மொழியில் எழுதிய அந்தச் சாசனத்தை இன்று 63 கூறுகளாகப் பிரித்து எண்ணுகிறார்கள். விதவைகளின் சொத்து, ஆற்றில் மீன்பிடிக்கப் போட்ட தடுப்புகள் என்று பெரும்பாலும் அன்றைய அன்றாடச் சிக்கல்கள். அவற்றுக்கு நடுவே இரண்டு பொறிகள். நாட்டின் பொது ஆலோசனை இல்லாமல் மன்னன் தன் விருப்பத்துக்கு வரி விதிக்கக் கூடாது என்கிறது 12-ஆவது கூறு. நிகரானவர்களின் தீர்ப்போ நாட்டின் சட்டமோ இல்லாமல் சுதந்திர மனிதன் எவனையும் பிடிக்கவோ சிறையிலிடவோ கூடாது என்கிறது 39-ஆவது கூறு. நம் அரசியல் சட்டத்தின் 265-ஆவது பிரிவு, சட்டத்தின் அதிகாரமின்றி வரி இல்லை என்கிறது. 21-ஆவது பிரிவு, சட்டம் வகுத்த நடைமுறையின்றி உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்க முடியாது என்கிறது. அந்தப் பொறிகள் இவ்வளவு தூரம் வந்திருக்கின்றன.

ஆனால் நேர்வழியில் வரவில்லை. 1215 ஆகஸ்ட் 24 அன்று, போப் மூன்றாம் இன்னசென்ட் அந்தச் சாசனம் செல்லாது என்று அறிவித்துவிட்டார். பத்து வாரம்தான் அதன் ஆயுள். மறு ஆண்டே ஜான் இறந்தான். அவனுடைய சிறுவயது மகன் மூன்றாம் ஹென்றியின் பெயரில் 1216-லும் 1217-லும், பின்பு 1225-லும் சாசனம் மாற்றங்களோடு மீண்டும் வெளியிடப்பட்டது. 25 பேர் குழு அதில் இல்லை. 1297-ல் அது நாட்டின் சட்டத் தொகுப்பில் ஏறியது. ‘சுதந்திர மனிதன்’ என்ற சொல்லுக்கு வெளியே பண்ணையடிமைகள் நின்றிருந்தார்கள். 1354-ல் வந்த சட்டம், எந்த நிலையில் உள்ள எந்த மனிதனுக்கும் முறையான சட்ட நடவடிக்கை வேண்டும் என்று எல்லையை விரித்தது.

உரிமையை எழுதிவைத்தால் போதாது. கதவைத் தட்ட ஒரு கை வேண்டும். அந்தக் கையாக வந்தது இன்னொரு இடைக்கால ஆவணம், நாம் ஆட்கொணர்வு மனு என்று சொல்வதன் மூல வடிவம். ஆச்சரியம் என்னவென்றால், அது விடுதலைக்காகப் பிறந்ததே அல்ல. ‘இன்னாரை இந்த நாளில் என் நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்து’ என்று மன்னன் தன் அதிகாரிக்கு அனுப்பிய கட்டளை அது. பிறகு, கீழ் நீதிமன்றங்கள் அடைத்துவைத்தவர்களை வரவழைத்து விசாரிக்க மன்னனின் நீதிபதிகள் அதையே எடுத்துக்கொண்டார்கள். ஆளை எந்தச் சட்டத்தின்படி வைத்திருக்கிறாய் என்ற கேள்வி அதில் சேர்ந்துகொண்டது. குற்றம் செய்தானா இல்லையா என்ற பேச்சே கிடையாது. பதில் சொல்ல வேண்டியவர் சிறைக்குள் இருப்பவர் அல்ல, சாவியை வைத்திருப்பவர். அதிகாரம் தனக்காகச் செய்த கருவி அதிகாரத்தையே கேள்வி கேட்கத் தொடங்கியது.

1627-ல் அந்தக் கேள்வி தோற்றது. முதலாம் சார்லஸ் கேட்ட கட்டாயக் கடனைக் கொடுக்க மறுத்துச் சிறை சென்ற ஐந்து பிரமுகர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். ‘மன்னரின் தனி உத்தரவு’ என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. நீதிமன்றம் அவர்களை மறுபடி சிறைக்கே அனுப்பியது. அந்தத் தோல்வி நாடாளுமன்றத்தை உசுப்பியது. காரணம் காட்டாமல் காவலில் வைக்கக் கூடாது, நாடாளுமன்றத்தின் இசைவின்றி வரி கூடாது என்று எட்வர்ட் கோக் போன்றவர்களின் முயற்சியால் 1628-ல் உரிமை விண்ணப்பம் வந்தது. 1679-ல் வந்த ஆட்கொணர்வுச் சட்டமோ, 20 மைலுக்குள் இருக்கும் கைதியை மூன்று நாளில் கொண்டுவர வேண்டும், தவறும் அதிகாரிக்கு அபராதம் என்று நாளையும் தண்டனையையும் குறித்தே வைத்தது.

இதே கதை பெங்களூரிலும் நடந்தது. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நாடாளுமன்றக் குழுக் கூட்டத்துக்காக இங்கே வந்திருந்த வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே, ஷியாம் நந்தன் மிஸ்ரா நால்வரும் மறுநாள் காலை கைதானார்கள். பின்பு அவர்களைக் காவலில் வைக்கக் காட்டிய சட்டம், விசாரணையின்றி அடைத்துவைக்க இடம்தந்த மிசா. அவர்களுக்காக ஆட்கொணர்வு மனுக்கள் போன இடம், கர்நாடக உயர்நீதிமன்றம் இருக்கும் அட்டாரா கச்சேரி. மல்லேஸ்வரத்தை ஒட்டிய ஏரிக்குப் பெயர் தந்த பொறியாளர் ரிச்சர்ட் சாங்கியின் காலத்தில் எழும்பி, 1868-ல் முடிந்த சிவப்புக் கட்டடம் அது. நெருக்கடி நிலையில் இந்த மனுக்களை விசாரிக்கவே முடியாது என்ற அரசின் வாதத்தைக் கர்நாடக உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. வேறு பல உயர்நீதிமன்றங்களும் ஏற்கவில்லை.

இந்த வழக்குகள், இதே கேள்வியை எழுப்பிய ஜபல்பூர் வழக்கோடு சேர்ந்து உச்சநீதிமன்றம் போயின. 1976 ஏப்ரல் 28 அன்று, ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம் நின்றார்கள். எச்.ஆர். கன்னா மட்டும் மறுத்தார். 21-ஆவது பிரிவை எழுதுவதற்கு முன்பும் சட்டமின்றி ஒருவரின் உயிரைப் பறிக்கும் அதிகாரம் அரசுக்கு இருந்ததில்லை, ஆகவே அந்தப் பிரிவை நிறுத்திவைப்பதால் அப்படி ஓர் அதிகாரம் முளைத்துவிடாது என்பது அவர் வாதத்தின் சாரம். அடுத்த ஆண்டு அவருக்கு இளையவரைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். கன்னா பதவி விலகினார்.

இந்தத் தோல்வியும் வீணாகவில்லை. 1978-ல் நிறைவேறிய 44-ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் 20, 21-ஆவது பிரிவுகளை முடக்க முடியாதபடி செய்தது. தீர்ப்பு மட்டும் நின்றது. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, 2012-ல், 86 வயதில், ஆதாரை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அதிலிருந்து கிளைத்த அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தபோது, 1976 தீர்ப்பும் தவறென்று தூக்கி எறியப்பட்டது. அப்படி எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். 1976-ல் அரசின் பக்கம் நின்ற நால்வரில் ஒருவர் அவருடைய தந்தை ஒய்.வி. சந்திரசூட். தீர்ப்பு வந்த நாள் 2017 ஆகஸ்ட் 24. போப் மேக்னா கார்ட்டாவை ரத்து செய்ததும் ஓர் ஆகஸ்ட் 24-தான். இடையில் 802 ஆண்டுகள்.

இன்று ஒருவரைச் சட்டவிரோதமாகக் காவலில் வைத்தால் அவருடைய தாயோ நண்பரோ 226-ஆவது பிரிவின்கீழ் உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம். சக கைதி ஒருவருக்காகச் சுனில் பத்ரா என்ற கைதி எழுதிய கடிதத்தையே உச்சநீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டதும் உண்டு. இந்த உரிமைகள் வெற்றிகளால் மட்டும் வளரவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. 1627-ல் ஐந்து பேர் கேட்டதும், 1975-ல் பெங்களூரில் நால்வருக்காகக் கேட்டதும், கன்னா தனித்து எழுதியதும் அந்தந்த நேரத்தில் தோல்விகளே. ஆனால் கேள்வியும் பதிலும் ஏட்டில் ஏறிவிட்டன. எங்கே தவறினோம் என்று அடுத்த தலைமுறை படித்துத் திருத்த முடிந்தது. தோற்போம் என்று தெரிந்தாலும் நீதிமன்றத்தில் கேட்டுவைக்க வேண்டும். கேட்காமல் விட்ட கேள்விக்கு எந்தத் திருத்தமும் வராது.