வரம்புப் புல்லும் புல்வெட்டும் இயந்திரமும்

நெற்காணியில் விதைப்பும் பசளையிடலும் காலந்தவறாது நடைபெற்றாலும், வரம்பிலே முழங்காலளவு புல் நிற்குமாயின் அவ்வயல் பாதுகாப்பானதன்று. எலிகள் அப்புல்லினுள் மறைந்து வளை தோண்டும். வளை வழியாக நீர் ஒழுகும். நெல் மூட்டுப்பூச்சி, பயிர் கதிர் ஈனும்வரை வரம்பிலுள்ள புல்லினங்களில் உண்டு பெருகிப் பின்னர் பால்பிடிக்கும் கதிரை நாடிச் செல்லும். விதை முற்றிய களைகளோ, அடுத்த போகத்துக் களைகளை வயலினுள்ளே தாமாகவே விதைத்துவிடும். ஆதலால், வரம்பையும் வாய்க்காலோரத்தையும் துப்புரவாக வைத்திருத்தல் பயிர்ப் பாதுகாப்பின் முதற்படியாகும்.

முன்னாளில் இவ்வேலை மண்வெட்டியாலும் கத்தியாலும் செய்யப்பட்டது. கூலியாட்கள் கிடைப்பது அரிதாகிய இக்காலத்தில், தோளில் மாட்டிக்கொண்டு இயக்கும் பெற்றோல் புல்வெட்டும் இயந்திரம் பல கமக்காரரிடம் காணப்படுகிறது. 2015ஆம் ஆண்டில் கிளைபோசேற்றுக் களைநாசினியின் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, புல்லை வெட்டி அடக்கும் தேவை மேலும் உணரப்பட்டது. அத்தடை பின்னர் நீக்கப்பட்டதாயினும், மருந்து தெளியாது வரம்பைப் பேண விரும்புவோருக்கு இவ்வியந்திரம் ஏற்ற கருவியே.

ஆனால், இவ்வியந்திரங்களுட் பல உழைத்துத் தேய்ந்து கெடுவதில்லை, கவனிப்பாரின்றிக் கெடுகின்றன. பெரும்போகத்திற்கு நிலம் பண்படுத்துமுன் ஒரு கமக்காரர் வரம்பை வெட்டுகிறார் என்று கொள்ளலாம். வேலை முடிந்ததும், தாங்கியில் எஞ்சிய எரிபொருளுடனேயே இயந்திரத்தைக் கொட்டிலின் மூலையிற் சாத்திவிடுகிறார். சில மாதங்கள் கழித்துச் சிறுபோகத்திற்கு அதனை எடுக்கும்போது, எத்தனை முறை கயிற்றை இழுத்தாலும் எஞ்சின் இயங்காது. திருத்துமிடத்தில் ஒரு வாரம் காத்திருக்க நேருமாயின், வாய்க்காலில் நீர் திறக்கும் நாளும் வந்துவிடும். கால்மணி நேர வேலையைத் தவறவிட்டமையால் ஒரு வாரமும் திருத்தற் செலவும் வீணாகின்றன. இந்தக் கால்மணி நேரத்தில் செய்ய வேண்டியவை எவை என்பதை ஒவ்வொரு கமக்காரரும் அறிந்திருத்தல் நன்று.

எரிபொருட் கலவை

இவ்வியந்திரங்கள் இருவகைப்படும். இரண்டடிப்பு எஞ்சினில் ஒயிலுக்கெனத் தனித்தாங்கி இல்லை. பெற்றோலுடன் கலந்த ஒயிலே உள்ளுறுப்புக்களுக்கு வழுவழுப்பைக் கொடுக்கிறது. ஆகவே, வெறும் பெற்றோலை ஊற்றி இயக்கினால் பிஸ்ரன் சூடேறி இறுகிவிடும். அவ்வாறு இறுகிய எஞ்சினைத் திருத்துவது பெருஞ் செலவாகும். நான்கடிப்பு எஞ்சினிலோ ஒயில் தனியிடத்தில் இருக்கும். அதன் பெற்றோலில் ஒயில் கலத்தலாகாது. தம்முடைய இயந்திரம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை வாங்கும்போதே தெளிவாகக் கேட்டறிதல் வேண்டும்.

இரண்டடிப்பு எஞ்சினுக்குரிய கலவை அளவு கைநூலிலே குறிக்கப்பட்டிருக்கும். 25 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில் எனக் குறித்திருப்பின், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர் ஒயில் சேர்க்க வேண்டும். 50 பங்குக்கு ஒரு பங்கு எனின் 20 மில்லிலீற்றர் போதும். இதனைக் கண்மதிப்பாக ஊற்றாது, அளவுப் பாத்திரத்தால் அளந்து ஊற்றுதல் வேண்டும். ஒயில் குறைந்தால் எஞ்சின் தேயும். மிகுந்தால் புகை கக்கிக் கரி படியும். மோட்டார் வண்டி ஒயிலையோ, ஒருமுறை பாவித்துக் கழித்த ஒயிலையோ சேர்த்தலாகாது. இரண்டடிப்பு எஞ்சினுக்கென விற்கப்படும் ஒயிலையே பயன்படுத்த வேண்டும். கலவையைத் தாங்கியினுள் அல்லாமல் வேறொரு கலனிலே செய்து, நன்கு குலுக்கிய பின்னரே ஊற்றுக.

2022ஆம் ஆண்டில் நாட்டில் எரிபொருட் தட்டுப்பாடு ஏற்பட்டுப் பங்கீட்டு முறையிற் பெற்றோல் வழங்கப்பட்டபோது, ஒரு போத்தல் பெற்றோலும் எவ்வளவு பெறுமதியுடையது என்பது யாவருக்கும் விளங்கிற்று. ஆயினும், நெடுநாள் சேர்த்து வைக்கப்படும் பெற்றோல் கெட்டுவிடும். அதிலுள்ள இலேசான பகுதிகள் ஆவியாகிப் போக, எஞ்சியது பிசின்போலப் படிந்து காபரேற்றரின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். ஆகையால், ஒரு மாதத்தினுள் முடியக்கூடிய அளவே கலந்து வைத்தல் தகும்.

வேலை தொடங்குமுன்

முதலில் வரம்பு முழுவதையும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். கல், கம்பித் துண்டு, உடைந்த போத்தல், கட்டை முதலியவற்றை அகற்றுக. சுழலும் தகட்டில் அகப்படும் சிறு கல்லும் வெகுதூரம் பாய்ந்து கண்ணைக் கெடுக்க வல்லது. வேலை நடக்கும் இடத்திலிருந்து 15 மீற்றர் தூரத்திற்குள் பிள்ளைகளோ, பிறரோ, கால்நடைகளோ நிற்க விடலாகாது.

வெட்டுத்தகட்டில் வெடிப்பு உண்டா எனப் பார்க்க வேண்டும். வெடித்த தகட்டை ஒட்டிப் பயன்படுத்துதல் உயிருக்கே ஆபத்தாகும், அதனை எறிந்துவிடுக. பெரும்பாலான இயந்திரங்களில் தகட்டைப் பிடிக்கும் நட்டு வழமைக்கு மாறாக இடப்பக்கம் திருப்பும்போது இறுகும். இதனை அறியாது திருப்பி மரையைக் கெடுத்துக்கொள்வோர் உளர். தகட்டின் மேலுள்ள காப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்யலாகாது.

கண்ணாடி, நீண்ட காற்சட்டை, உறுதியான சப்பாத்து ஆகியன இன்றியமையாதவை. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் எலிக்காய்ச்சற் கிருமிகள் இருக்கக்கூடும். காலிலுள்ள சிறு காயத்தின் வழியாகவும் அவை உடலினுட் செல்லும். எனவே, ஈரமான வரம்பில் வெறுங்காலுடன் நிற்பது இருவகையிலும் தீங்காகும்.

வெட்டும் முறை

மெல்லிய புல்லுக்கு நைலோன் தங்கூசி போதும். தடித்த புல்லுக்கும் சிறு பற்றைகளுக்கும் உலோகத் தகடு தேவை. எஞ்சின் வேகங்கொண்ட பின்னரே தகட்டைப் புல்லில் வைக்க வேண்டும். பொதுவாக இத்தகடு, பிடித்திருப்பவர் மேலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாகச் சுற்றும். ஆதலால், வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக வீசி, தகட்டின் இடப்பாகத்தால் வெட்டுதல் முறையாகும். தகட்டின் முன்புற வலப்பாகம் கட்டையிலோ கல்லிலோ பட்டால், இயந்திரம் திடீரெனப் பக்கவாட்டில் எறியப்படும். குறுகிய வரம்பில் இது ஆளையே சாய்த்துவிடும்.

புல்லை நிலத்தோடு வழித்தெடுத்தல் நன்றன்று. வரம்பின் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது புல்லின் வேரே. ஏறக்குறைய 5 சதமமீற்றர் உயரம் விட்டு வெட்டினால் வரம்பு மழையிற் கரையாது. தகடும் மண்ணிற் பட்டு மழுங்காது.

காலமும் முக்கியமானது. களைகள் விதை முற்றுமுன்னும், நெற்பயிர் கதிர் வெளிவிடுமுன்னும் வரம்பைத் துப்புரவாக்குதல் வேண்டும். கதிர் பால்பிடிக்கும்வரை காத்திருந்து வெட்டினால், புல்லிலிருந்த மூட்டுப்பூச்சிகள் நேரே பயிருக்குள் விரட்டப்படும்.

மரக்கறித் தோட்டத்தில் மேலும் அவதானம் தேவை. நைலோன் தங்கூசி மிளகாய், கத்தரி முதலியவற்றின் இளந்தண்டிற் பட்டால் பட்டை உரிந்து செடி வாடும். ஆகவே, செடியின் அடியைச் சுற்றி ஒரு சாண் அகலத்தைக் கையாற் களை பிடுங்குவதற்கு விட்டு, பாத்திகளின் இடைவழியிலும் வேலியோரத்திலும் மட்டும் இயந்திரத்தைப் பாவிக்க வேண்டும். நீர்க்குழாய்கள் எங்கே கிடக்கின்றன என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்க. விதை முற்றாத புல்லை வெட்டிக் காயவிட்டுப் பாத்திகளுக்கு மூடுபடையாக இடலாம்; விதை முற்றியதைக் கூட்டெருக் குவியலில் இட்டு நன்கு உக்க விடுக.

வேலை முடிந்த பின்

எஞ்சின் ஆறிய பின்னரே தாங்கியைத் திறக்க வேண்டும். சூடான எஞ்சினின்மேல் பெற்றோல் சிந்துமாயின் தீப்பற்றும். எரிபொருள் ஊற்றும் இடத்தில் புகைபிடித்தலும், மூடிய கொட்டிலினுள் எஞ்சினை இயக்குதலும் ஆகா. எஞ்சினின் புகை நஞ்சுடையது.

எஞ்சினைச் சுற்றியுள்ள குளிரூட்டும் தகடுகளுக்கிடையே புல்லும் தூசியும் அடைந்திருந்தால் தூரிகையால் அகற்றுக. இவ்வெஞ்சின் காற்றினாலேயே குளிர்கின்றது என்பதை மறத்தலாகாது. வளிவடி கடற்பஞ்சு போன்றதாயின் சவர்க்கார நீரிற் கழுவி, நன்கு உலர்த்தி, சில துளி ஒயில் இட்டுப் பிழிந்து பொருத்துக. தகட்டின் மேலுள்ள கியர்ப் பெட்டிக்கு, ஏறக்குறைய 25 மணி நேர வேலைக்கு ஒருமுறை கிறீஸ் இடுதல் வேண்டும்.

இயங்க மறுத்தால்

எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று: எரிபொருள், தீப்பொறி, காற்று. தாங்கியில் உள்ளது பழைய கலவையாயின் அதனை வெளியேற்றிப் புதியதை ஊற்றுக. தாங்கியினுள்ளிருக்கும் எரிபொருள் வடி அடைத்திருக்கிறதா எனவும் பார்க்க. அடுத்து, பிளக்கைக் கழற்றி நோக்குக. அதன் முனை உலர்ந்து மண்ணிறமாக இருப்பின் நல்லது. கறுத்து ஈரமாக இருப்பின், எரிபொருள் மிகுந்துவிட்டது அல்லது வளிவடி அடைத்துவிட்டது என அறியலாம். பிளக்கைத் துடைத்து உலர்த்தி, சோக்கைத் திறந்துவிட்டுக் கயிற்றைப் பலமுறை இழுத்தால் மிகுந்த எரிபொருள் வெளியேறும். பிளக்கின் இடைவெளி பொதுவாக 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை இருக்கும். கைநூலைப் பார்த்துச் சரிசெய்க. இவை யாவும் செய்தபின்னும் இயங்காதாயின், காபரேற்றரைத் தாமே பிரித்துப் பார்க்காது, தேர்ந்த திருத்துநரிடம் கொடுத்தலே சிக்கனமாகும்.

போகத்திற்கிடையில்

நெடுநாள் வைக்கவேண்டி வரும்போது தாங்கியை வெறுமையாக்குக. பின்னர், எஞ்சினை இயக்கித் தானாக நிற்கும்வரை ஓட விடுக; இதனால் காபரேற்றரிலுள்ள எரிபொருளும் தீர்ந்துவிடும். ஆறியபின் பிளக்கைக் கழற்றி, அத்துளையிற் சில துளி ஒயில் இட்டு, கயிற்றை மெதுவாக இரண்டொரு முறை இழுத்து மீண்டும் பூட்டுக. தகட்டில் துருப்பிடியாதிருக்கச் சிறிது ஒயில் பூசி, இயந்திரத்தை உலர்ந்த இடத்திற் பிள்ளைகளுக்கு எட்டாதவாறு தொங்கவிடுக.

மண்வெட்டியைக் கழுவி வைப்பது கமக்காரருக்குப் பழகிய வேலை. புல்வெட்டும் இயந்திரமும் அத்தகைய கவனிப்பையே வேண்டி நிற்கிறது. அதனைப் பெறும் இயந்திரம், நீர் திறக்கும் நாளில் முதலிரண்டு இழுப்பிலேயே எழுந்து வேலைக்கு வரும். வரம்பும் காலத்தே துப்புரவாகும்.