இலவச இடம்: எவ்வளவு, எத்தனை நாளைக்கு?

என் சித்தப்பா, மகளின் காதுகுத்து விழாவில் எடுத்த படங்களை எல்லாம் ஒரு இலவச இணைய தளத்தில் ஏற்றினார். "அதுதான் நெட்டில் பத்திரமாக இருக்கிறதே" என்று கம்ப்யூட்டரில் இருந்தவற்றை அழித்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்துப் பார்க்கப் போனால், அந்தத் தளமே மூடப்பட்டிருந்தது. மூடப் போகிறோம் என்ற எச்சரிக்கை மெயில், அவர் எப்போதோ கைவிட்ட பழைய முகவரிக்குப் போயிருக்கிறது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் போட்டோ தளங்களில் முதலில் பார்ப்பது, எவ்வளவு இடம் இலவசமாகக் கிடைக்கும் என்பதைத்தான். அது எத்தனை நாளைக்கு, என்ன நிபந்தனையுடன் என்பதையும் பார்க்க வேண்டும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ப்ளிக்கர் தளம்.

ப்ளிக்கர் வந்த கதை:

கனடாவின் வான்கூவர் நகரில் இருந்த லூடிகார்ப் என்ற சிறிய நிறுவனம், 2004 பிப்ரவரியில் இந்தத் தளத்தைத் தொடங்கியது. 2005ல் இதனை யாஹூ வாங்கியது. தொடக்க காலத்தில் இலவசக் கணக்கு வைத்திருந்தவர்கள் மாதத்திற்கு 20 மெகாபைட் அளவிற்கே படங்களை ஏற்ற முடிந்தது. 2006 டிசம்பரில் இது 100 மெகாபைட் ஆனது. ஆனாலும் கடைசியாக ஏற்றிய 200 படங்கள் மட்டுமே காட்டப்பட்டன.

2013 மே மாதம் யாஹூ ஓர் அதிரடி அறிவிப்பை வெளியிட்டது. ஒவ்வொருவருக்கும் 1 டெராபைட் இடம் இலவசம்! ஒரு படம் 4 மெகாபைட் என்று வைத்துக் கொண்டால், இதில் சுமார் இரண்டரை லட்சம் படங்களை வைக்கலாம். பலரும் தங்கள் மொத்தச் சேமிப்பையும் இங்கே கொண்டு வந்து கொட்டினார்கள்.

இந்தத் தாராளம் ஆறு ஆண்டுகள் கூட நீடிக்கவில்லை. 2018 ஏப்ரலில் ஸ்மக்மக் என்ற நிறுவனம் ப்ளிக்கரை வாங்கியது. அந்த ஆண்டு நவம்பரில், இலவசக் கணக்கில் இனி 1000 படங்கள் அல்லது வீடியோக்கள்தான் என்று அறிவித்தது. 2019 ஜனவரி 8 முதல் அதற்கு மேல் ஏற்ற முடியாமல் போனது. கூடுதலாக இருக்கும் பழைய படங்கள் அழிக்கப்படும் என்றும் சொல்லப்பட்டது. இலவச இடத்திற்காக மட்டுமே வருபவர்கள் கூடிவிட்டார்கள், போட்டோ கலையில் ஆர்வம் உள்ளவர்களுக்கான தளமாக இது இருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனம் சொன்ன காரணம்.

இப்போது என்ன கிடைக்கும்?

1. இலவசக் கணக்கில் 1000 படங்கள் அல்லது வீடியோக்கள்.

2. படங்களை ஆல்பங்களாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் "கோவில்", "மழை" என்பது போல டேக் கொடுத்தால், பின்னர் தேடுவது எளிது.

3. எடுத்த இடத்தை மேப்பில் காட்டலாம். வீட்டில் எடுத்த படங்களுக்கு இதனைத் தவிர்ப்பது நல்லது.

4. உங்கள் படத்தை மற்றவர்கள் எந்த அளவிற்குப் பயன்படுத்தலாம் என்பதைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் மூலம் நீங்களே முடிவு செய்யலாம்.

5. ஒரு படத்தை எல்லோரும் பார்க்கலாமா, நண்பர்களும் குடும்பத்தினரும் மட்டுமா, நீங்கள் மட்டுமா என்று தேர்ந்தெடுக்கலாம். அப்லோட் செய்திடும் போதே இதனைக் கவனித்துவிடவும்.

இங்குதான் ஒரு முக்கியமான நிபந்தனை உள்ளது. 2022ல் வந்த மாற்றத்தின்படி, இலவசக் கணக்கில் பொதுப் பார்வைக்கு வைக்காத படங்கள் 50 மட்டுமே இருக்கலாம். 2025 மே மாதம் முதல், இலவசக் கணக்கில் உள்ள படங்களைப் பெரிய அளவிலும் ஒரிஜினல் அளவிலும் டவுண்லோட் செய்வதற்குக் கட்டுப்பாடும் வந்துவிட்டது. அதாவது, நீங்கள் எடுத்த நல்ல படங்களை உலகிற்குக் காட்ட இது அருமையான இடம். வீட்டுப் படங்களைப் பூட்டி வைக்கும் பீரோ அல்ல.

கூகுள் போட்டோஸ் எப்படி?

ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் அதிகம் பயன்படுத்துவது இதுதான். 2015ல் வந்தபோது, சற்றே சுருக்கிய தரத்தில் எத்தனை படங்களை வேண்டுமானாலும் இலவசமாக வைக்க முடிந்தது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிகாபைட். இரண்டு ஆண்டுகள் எட்டிப் பார்க்காத கணக்கை, அதில் உள்ளவற்றோடு சேர்த்து நீக்கவும் கூகுள் விதிமுறையில் இடம் உண்டு.

புதியவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்றும் உள்ளது. பேக்கப் இயங்கும் போது இந்த அப்ளிகேஷனில் ஒரு படத்தை அழித்தால், அது இணையத்திலும் போனிலும் சேர்ந்தே அழியும். தவறாக அழித்துவிட்டால் உடனே ட்ராஷ் பகுதியைப் பார்க்கவும்.

நீங்கள் செய்ய வேண்டியது:

முதலில், போனைக் கேபிள் மூலம் கம்ப்யூட்டருடன் இணைத்து, "டிசிஐஎம்" என்ற போல்டரில் உள்ள படங்களைக் காப்பி செய்திடவும். வாட்ஸ்அப்பில் சாதாரண முறையில் அனுப்பி எடுத்தால் படத்தின் தரம் குறையும். ஆண்டு, நிகழ்ச்சி என்று போல்டர்களுக்குப் பெயர் கொடுக்கவும்.

அடுத்து, இன்னொரு காப்பியை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் வைக்கவும். காப்பி எடுத்தபின் அதனைக் கம்ப்யூட்டரிலிருந்து பிரித்துத் தனியே வைத்திருங்கள். வைரஸ் வந்தாலும், மின்சாரக் கோளாறு வந்தாலும் அது தப்பிக்கும்.

மூன்றாவது காப்பியாக இணைய தளத்தைப் பயன்படுத்தலாம். அதில் பதிந்துள்ள மெயில் முகவரியும் போன் நம்பரும் இன்றும் நீங்கள் பயன்படுத்துபவைதானா என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது சரிபார்க்கவும்.

ஏற்கனவே படங்களை இணையத்தில் மட்டும் வைத்திருக்கிறீர்களா? இந்த வாரமே கீழே இறக்கிவிடவும். கூகுளில் இதற்கு "டேக்அவுட்" என்ற வசதி உள்ளது. ப்ளிக்கரில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் பக்கம் சென்று உங்கள் டேட்டாவைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். இறக்கிய பைல்களைத் திறந்து பார்த்து, எல்லாம் சரியாக வந்துள்ளனவா என்று உறுதி செய்திடவும். அதற்கு முன் எதையும் அழிக்க வேண்டாம்.

சித்தப்பா வீட்டு விழாவில் இன்று மிஞ்சியிருப்பவை, தாய்மாமன் தன் வீட்டு ஆல்பத்திற்காகப் பிரிண்ட் போட்டு வைத்திருந்த 12 படங்கள்தான். இணையத்தில் கிடைக்கும் இலவச இடத்தைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒரிஜினல் மட்டும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.