அண்டை அயற் பறவைகளை அருகிருந்து படமெடுத்தல்

தலைநகரில் வாழும் நம்மவர் பலர், இங்கே பறவைகள் என்று சொல்லத்தக்கவை புறாவும் பருந்துமே என்று கருதியிருக்கக் காண்கிறேன். பறவைகளைப் பார்க்க வேண்டுமாயின் பரத்பூருக்குச் செல்ல வேண்டும், அல்லது விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது வேடந்தாங்கலுக்குப் போக வேண்டும் என்பது அவர்தம் எண்ணம். அது பொருந்தாது. லோதித் தோட்டத்தில் காலை வேளையில் ஒரு மணி நேரம் பேசாது அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு மைனா, கிளி, தவிட்டுக்குருவி, சின்னான், கொண்டலாத்தி, தேன்சிட்டு முதலியவை தாமே வந்து காட்சி தரும். அவற்றுள் பெரும்பாலானவை நாம் பிறந்த ஊரின் வேலியிலும் கொல்லையிலும் கண்ட பறவைகளே. சிட்டுக்குருவியையோ தில்லி அரசு 2012ஆம் ஆண்டில் மாநிலப் பறவையாகவே அறிவித்துள்ளது. இத்தகைய எளிய பறவைகளை அருகிருந்து படமெடுப்பது எவ்வாறு, எவ்வளவு அருகில் செல்வது தகும் என்னும் இரண்டையும் இன்று ஆராய்வோம்.

முதற்கண், அருகில் செல்ல வேண்டுவது ஏன் என்பதைக் காண்போம். சிட்டுக்குருவியின் நீளம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். 400 மில்லிமீட்டர் லென்ஸ் கொண்டு 4 மீட்டர் தொலைவில் நின்று எடுத்தால், முழு அளவுக் காமிராவில் அக்குருவி படத்தின் அகலத்தில் பாதியை நிரப்பும். 8 மீட்டருக்கு விலகினால் அதன் உருவம் நீளத்தில் பாதியாகவும், பரப்பில் நாலில் ஒன்றாகவும் குறுகிவிடும். கைப்பேசியில் எடுத்தாலோ, இலைகளுக்கிடையே ஒரு புள்ளியாகவே நிற்கும். ஆகவே, விலை மிகுந்த லென்ஸ் செய்யும் வேலையில் ஒரு பகுதியை நமது பொறுமையே செய்துவிடக் கூடும்.

அருகில் செல்லும்போது வேறொரு தொல்லையும் உண்டு. மேற்சொன்ன 4 மீட்டர் தொலைவில், லென்ஸின் வாய் 5.6 என்னும் அளவில் திறந்திருக்குமாயின், தெளிவாக அமையும் ஆழம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டரே. அலகு தெளிந்தால் வால் மங்கும். எனவே கண்ணின்மீதே குவியத்தை வைத்தல் வேண்டும். கண் தெளிவாக இருப்பின், மங்கிய வாலை எவரும் குறையாகக் கொள்ளார். குருவி ஓரிடத்தில் அமர்ந்திருப்பினும் அதன் தலை ஓயாது அசையுமாதலால், வினாடியில் 500இல் ஒரு பங்கு நேரமோ அதனினும் குறைவோ வைத்து எடுப்பது நலம்.

இனி, அணுகும் முறையைப் பார்ப்போம். ஒவ்வொரு பறவைக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்கு அப்பால் நாம் நிற்கும்வரை அது தன் வேலையைப் பார்த்துக் கொண்டிருக்கும், கடந்தால் பறந்துவிடும். தேநீர்க்கடையருகே வாழும் மைனாவிற்கு அவ்வெல்லை இரண்டு மூன்று அடி எடுத்து வைக்கும் தூரம். வயலில் வாழும் மைனாவிற்கு அதனினும் பன்மடங்கு. நிமிர்ந்து நின்று, கண்களை அதன்மீதே பதித்து, நேர்க்கோட்டில் வருபவனைப் பறவை பகைவனாகவே கொள்ளும். மாறாக, சற்றே சாய்வாக நடந்து, இடையிடையே நின்று, வேறெங்கோ பார்ப்பவர் போலிருந்து, இறுதியில் தரையில் அமர்ந்து விடுபவரை அது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். பறவை இரை தேடுவதை நிறுத்திக் கழுத்தை நீட்டி நோக்கினால், நாமும் நிற்க வேண்டும். புள்ளி ஆந்தை பகலில் மரப்பொந்தின் வாயிலில் அமர்ந்திருக்கும். நம்மைக் கண்டதும் தலையை மேலும் கீழுமாக அசைக்கும். அது விளையாட்டன்று, நம்மை அளந்து பார்க்கும் செயலென்று அறிக.

நாம் செல்வதினும் பறவை நம்மிடம் வருமாறு செய்வது மேலானது. 1900ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர் இருவர், உள்ளீடற்ற பொம்மை எருதொன்றைச் செய்து, அதன் வயிற்றினுள் காமிராவுடன் ஒளிந்திருந்து பறவைகளைப் படமெடுத்தனர். நமக்கு எருது வேண்டுவதில்லை. நிறுத்தி வைத்த மோட்டார் வண்டியும், திரையிட்ட சன்னலுமே போதிய மறைப்புகள். தில்லியின் கோடையில், பால்கனியில் அகன்ற மண்தட்டொன்றில் இரண்டு விரற்கடை ஆழத்திற்குத் தண்ணீர் வைத்து, பக்கத்தில் ஒரு காய்ந்த கிளையை நட்டு வையுங்கள். பறவைகள் நேரே தண்ணீருக்கு வருவதில்லை; முதலில் அக்கிளையில் அமர்ந்து நாற்புறமும் நோக்கிய பின்னரே இறங்கும். குவியத்தை முன்னதாகவே கிளையின்மீது அமைத்து விட்டால், உள்ளறையில் இருந்தவாறே சின்னானையும் தவிட்டுக்குருவிகளையும் கைப்பேசியிலுங்கூட எடுக்கலாம். தண்ணீரை நாள்தோறும் மாற்றித் தட்டைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். இல்லையேல் நோய் பரவும்.

ஒளியைப் பற்றி ஒரு சொல். இளவெயில் நமக்குப் பின்னிருந்து பறவையின்மீது படவேண்டும். ஆண் தேன்சிட்டின் நீலமும் ஊதாவும் மையினால் தீட்டிய நிறமல்ல. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றும் மினுமினுப்பு அது. கோணம் தவறினால், படத்தில் கரித்துண்டு போன்ற ஒரு குருவிதான் கிடைக்கும்.

நம் நாட்டில் இக்கலையை வளர்த்தோருள் மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழர். எழுத்தாளர் அ. மாதவையாவின் புதல்வரான இவர், கறுப்பு வெள்ளைப் படங்களாலும் எழுத்தாலும் புகழ்பெற்றவர். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950ஆம் ஆண்டு முதல் தம் இறுதிக் காலம் வரை இயற்கையைப் பற்றி இடையறாது எழுதி வந்தார். யானையையும் காட்டெருமையையும் படமெடுத்த அவர், அணிலையும் காக்கையையும் எழுதத் தகாதவை என்று ஒதுக்கியதில்லை.

நிற்க. இதுகாறும் கூறியவற்றினும் முக்கியமானது கூட்டைப் பற்றியது. கூட்டில் உள்ள பறவை ஓடிவிடாது. திரும்பத் திரும்ப அவ்விடத்திற்கே வரும். ஆதலால் புதியவர் கைக்கு அதுவே எளிய இலக்காகத் தோன்றும். நானும் அவ்வாறு எண்ணியவனே. சில ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதத்தில், எங்கள் குடியிருப்பின் சுவரோரம் படர்ந்திருந்த காகிதப்பூக் கொடியில் சின்னான் கூடு கட்டி மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தது. இரண்டு கிளைகள் காட்சியை மறைத்தன. அவற்றை நூலால் ஒருபுறம் இழுத்துக் கட்டிவிட்டு, தாய் இரையூட்டும் காட்சியை ஐந்தாறு படங்களாக எடுத்தேன். மாலையில் நூலை அவிழ்க்க எண்ணியிருந்தேன். அலுவலகத்திலிருந்து திரும்ப இரவாகிவிட்டது, மறந்துவிட்டேன். மறுநாட் காலையில் கூடு வெறுமையாக இருந்தது. காகமோ பூனையோ அறியேன். தாயும் தந்தையும் அலகில் பூச்சியுடன் பகல் முழுவதும் அக்கொடியைச் சுற்றி வந்தன. அப்படங்கள் நன்றாகவே அமைந்திருந்தன. எனினும் அவற்றை நான் எவருக்கும் காட்டியதில்லை.

கூட்டை மறைக்கும் இலை, பகைவர் கண்ணிலிருந்து மட்டுமன்று, வெயிலிலிருந்தும் அதைக் காக்கிறது. ஆள்காட்டிக் குருவியோ திறந்த தரையிலேயே முட்டையிடும். கோடையில் தன் வயிற்றிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விக்கும். நாம் அரைமணி நேரம் அருகே நின்று அதை விரட்டிக் கொண்டிருந்தால், முட்டைகள் வெந்தே போகக்கூடும். ஆள்காட்டி தலைக்குமேல் கத்திச் சுழன்றால், முட்டையோ குஞ்சோ நம் காலடிக்கு அருகில் உள்ளதென்று கொண்டு, வந்த வழியே திரும்புவதே முறை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ குலைப்பதையும் வேட்டையாடுதல் என்பதன் வரையறைக்குள் சேர்த்துள்ளது.

பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை அழைப்பதும் தவிர்க்கத்தக்கது. தன் எல்லைக்குள் போட்டியாளன் புகுந்தான் என்று எண்ணி, ஆண் பறவை இரை தேடுவதை விட்டு வீணே அலைந்து களைக்கும். இரவில் ஆந்தையின் கண்ணில் மின்னொளியைப் பாய்ச்சுவதும் அத்தகையதே.

ஆகவே நேயர்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருகிலுள்ள பூங்காவிற்குக் குழந்தைகளையும் உடனழைத்துச் செல்லுங்கள். புல்புல் என்று அவர்கள் பள்ளியில் கற்ற பறவைக்குச் சின்னான் என்றொரு பெயர் இருப்பதைச் சொல்லிக் கொடுங்கள். படமெடுத்துத் திரும்பும்போது, அப்பறவை தான் இருந்த கிளையிலேயே இருந்து தன் வேலையைத் தொடர்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். தொடருமாயின், நீங்கள் போதிய தூரத்தில்தான் நின்றிருந்தீர்கள் என்று கொள்ளலாம்.