வயதைக் கேட்டு முகத்தை வாங்குகிறார்கள்

பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல், ஆபாசத் தளங்களும் சிறுவருக்குக் கேடான பதிவுகளை அனுமதிக்கும் சமூக ஊடகங்களும் பயனரின் வயதை உறுதிசெய்தாக வேண்டும். 2023ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டம் இட்ட கட்டளை இது. மீறும் நிறுவனத்துக்கு 1.8 கோடி பவுண்டு அல்லது உலகளாவிய வருவாயில் 10 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். சிறுவர்களைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால், சிறுவர் யார் என்று தெரிய வேண்டுமானால் பெரியவர்கள் அத்தனை பேரையும் சோதித்தாக வேண்டும். அந்தச் சோதனை விட்டுச்செல்லும் பதிவுகளைப் பற்றித்தான் என் கவலை.

கடையில் மது வாங்கும்போது அடையாள அட்டையைக் காட்டுவதில்லையா என்று கேட்கிறார்கள். கடைக்காரர் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பித் தந்துவிடுகிறார். நகல் எடுத்து வைப்பதில்லை. இணையத்தில் அனுப்பும் அட்டைப் படமோ, பல நேரங்களில் நாம் பெயர்கூடக் கேட்டிராத இன்னொரு நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. உடனே அழித்துவிடுகிறோம் என்று வாக்குத் தருகிறார்கள். 2025 அக்டோபரில் உரையாடல் செயலியான டிஸ்கார்ட், தன் வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனம் தாக்கப்பட்டதில் சுமார் 70,000 பயனர்களின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளிப்பட்டிருக்கலாம் என அறிவித்தது. வயது பற்றிய முறையீட்டுக்காகப் பயனர்கள் அனுப்பியவை அவை. முதல் சோதனையில் படத்தை அழித்தாலும், முறையீடு, புகார் என்று பக்கவழிகளில் அது தேங்கிவிடுகிறது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தையும் பிறந்த தேதியையும் எப்படி மாற்றுவது?

அட்டை வேண்டாம், முகத்தைப் பார்த்தே மென்பொருள் வயதைக் கணிக்கட்டும் என்பது அடுத்த வாதம். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2024இல் ஆறு மென்பொருள்களைச் சோதித்தது. நன்றாகக் கணித்தவையும் சராசரியாக 3 ஆண்டுகள் பிசகின. பெண்களின் முகங்களில் பிழை பெரும்பாலும் கூடுதல். அப்படியானால், 18ஐ ஒட்டிய வயதினர் கடைசியில் அட்டையைத்தான் நீட்ட வேண்டியிருக்கும். இதற்கிடையே, இந்தக் கட்டாயம் நடைமுறைக்கு வந்த நாளில் பிரிட்டனிலிருந்து பயனர் இருக்கும் நாட்டை மறைக்கும் தன் சேவையில் சேர்வோர் 1,400 சதவீதத்துக்கும் மேல் கூடியதாக புரோட்டான் விபிஎன் நிறுவனம் சொன்னது. தப்பிக்க நினைப்பவர் தப்பிக்கிறார். சட்டத்துக்குப் பணிந்தவரின் முகம்தான் பதிவாகிறது.

வேறு வழியே இல்லையென்றால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். வழி இருக்கிறது. ஓர் உண்மையை, அதற்கு மேல் எதையும் வெளிப்படுத்தாமல் நிரூபிக்கும் கணித முறையை கோல்ட்வாசர், மிக்காலி, ராக்காஃப் என்ற கணினி அறிவியலாளர் மூவரும் 1985இலேயே முன்வைத்தார்கள். ஒருவருக்கு 18 நிறைந்துவிட்டது என்பதற்கு அரசோ வங்கியோ மின்கையொப்பமிட்ட சான்று தரும். அவருடைய கைபேசி அதிலிருந்து ‘ஆம்’ என்ற ஒரே விடையை மட்டும் தளத்துக்கு நிரூபிக்கும். ஆள் யாரென்று தளத்துக்குத் தெரியாது. எந்தத் தளமென்று சான்று தந்தவருக்குத் தெரியாது. பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் இவ்வகை முறையொன்றைச் செய்தே காட்டியது. இருந்தும் பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், அட்டைப் படம், முகக் கணிப்பு, கடன் அட்டை எனப் பல முறைகளை ஏற்று, தேர்வை நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. வயதைச் சோதிக்கக் கட்டளையிடும் சட்டமே, அடையாளத்தைச் சேமிக்க இயலாத முறையை மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்றும் கட்டளையிட்டிருக்க வேண்டும். அப்போதும் அடையாள அட்டையோ புதிய கைபேசியோ இல்லாதவர்கள் வெளியே நிற்பார்கள். அவர்களுக்கான வழியையும் சட்டம்தான் எழுதித் தர வேண்டும், கணிதம் தராது.